இரண்டாம் வேற்றுமை

மாலை வெயில் சாப்பாட்டு மேசையில் பாதி வரைக்கும் ஏறியிருக்கிறது. நாளைய பரீட்சைக்காகத் தங்கை லத்தீன் புராணப் பாட்டை அசை பிரிக்கிறாள். நெடில், குறில், குறில் என்று பென்சில் மேசையைத் தட்டுகிறது. புருஷன் வீட்டிலிருந்து கழுத்தில் விரல் தடத்தோடு வந்த அக்கா, எதிரே நின்று தன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். “என்னடி கதை?” “ஒரு தேவன் ஒரு பொண்ணைத் துரத்துறான்க்கா. கடைசியில அவளைக் கல்லாக்கிடுறாங்க.” “அவ என்ன பண்றா?” “அவ எங்க பண்றது? வரியில முதல்ல நிக்கிறா, ஆனா எழுவாய் இல்ல. சொல்லோட வாலைப் பாத்தாலே தெரியும், இரண்டாம் வேற்றுமை, செயப்படுபொருள். லத்தீன்ல எங்க நின்னாலும் வால்தான் பேசும்.” அக்காவுக்குச் சிரிப்பு வருகிறது. உள்ளறையில் அம்மா போனில் குழைகிறாள்: “கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை, அவளை நாங்களே கொண்டாந்து விட்டுடுறோம். அவளை நான் சொல்லித் திருத்துறேன்.” பென்சில் நின்றுவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியும் சட்டையின் மேல் நின்றுவிடுகிறது. அதைத் தூக்காமலே அக்கா கேட்கிறாள்: “‘அவளை’ன்னா என்ன வேற்றுமைடி?” துணி கருகுகிறது.