கடைவாய்ப் பல்

ப்ளோவ்டிவ் நகரின் பல் மருத்துவர் ராலிட்சா, மரத்துப்போகும் மருந்தேற்றிய ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொள்கிறாள். விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில், வீங்கிய தாடையோடு நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார் டாக்டர் ஒக்னியான். காலைதோறும் டிவியில் உள்ளங்கையைக் காட்டி, இதிலுள்ள சக்தியே எந்த நோயையும் தீர்க்கும் என்று சொல்பவர். அதை நம்பித்தான் அவளுடைய தங்கை புற்றுநோய்க்கான சிகிச்சையை நிறுத்தினாள். வலியில் துடித்தே செத்தாள். "ஊசியப் போடும்மா, உயிர் போகுது." "எதுக்கு டாக்டர்? உங்க கையையே கன்னத்துல வச்சுக்குங்க." கண்ணோரம் நீர் வழிய அவர் முனகுகிறார்: "கையால ஒண்ணும் ஆகாதும்மா." அவள் போய்க் கதவை அகலத் திறக்கிறாள். "சத்தமாச் சொல்லுங்க." காத்திருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். "கையால ஒண்ணும் ஆகாது!" ராலிட்சா நிதானமாக ஊசியை எடுக்கிறாள். "என் தங்கச்சி பேரு நெவேனா. இப்ப வாயத் திறங்க."