இரங்கல் செய்தியில் சில திருத்தங்கள்

"'விபத்து'ங்கிற வார்த்தை வேண்டாம்," என்றார் பொது மேலாளர்.

குறித்துக்கொண்டேன்.

ஒன்றரைப் பக்க இரங்கல் செய்தி. கம்பெனியின் அறிக்கைகள், சுற்றறிக்கைகள், மேலாளர் மேடையில் பேசும் பேச்சு எல்லாம் எழுதுவது என் வேலை. இதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

அவர் நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அந்த ஈர விரலையே வரிவரியாக ஓட்டிக்கொண்டு படித்தார். கொதிகலன் மெக்கானிக்கின் பெயர் இருந்த இடத்தில் மை கலைந்தது.

"அப்ப என்ன சார் போடலாம்?"

"நீங்கதானே வார்த்தைக்காரங்க. சொல்லுங்க."

"எதிர்பாராத நிகழ்வு," என்றேன்.

அவ்வளவு சீக்கிரம் அது வாயில் வந்து விழுந்தது.

எதிர்பாராதது என்று அதில் ஒன்றுமே இல்லை. வால்வு கசிகிறது என்று மெக்கானிக் மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருந்தார். கோணல்மாணலான கையெழுத்து. ஒரு தடவை, "இப்படியே விட்டா ஆள் செத்துடுவான்" என்று பட்டவர்த்தனமாகவே எழுதியிருந்தார்.

அந்தத் தாள்கள் மாதாந்திர அறிக்கைக்காக முதலில் என் மேஜைக்குத்தான் வரும். மேலிடத்துக்குப் போகிற அறிக்கையில் இப்படியெல்லாம் எழுத முடியுமா? "ஆள் செத்துடுவான்" என்பதை "மேம்படுத்த வாய்ப்புள்ள பகுதி" என்று மாற்றினேன். எல்லாம் சரி என்று காட்டும் பச்சைக் கட்டத்துக்குள் போட்டேன். அறிக்கையில் சிவப்பைக் கண்டால் மேலாளருக்கு ஆகாது.

முந்தாநாள் காலை ஷிஃப்டில் அந்த வால்வு வெடித்தது. நீராவி மெக்கானிக்கின் முகத்திலும் மார்பிலும் அடித்தது.

"அவருக்கு ஒரு பட்டப்பேர் உண்டே, என்ன அது?" என்றார் மேலாளர்.

"சைரன், சார்."

"ஆங். 'நாங்க எல்லாரும் செல்லமா சைரன்னு கூப்பிடுவோம்'னு சேர்த்துக்குங்க. மனசைத் தொடும்."

அந்தப் பெயரை வைத்ததே மேலாளர்தான். ஒரு மீட்டிங்கில் மெக்கானிக் எழுந்து வால்வைப் பற்றிப் பேச வாயெடுத்ததும், "சைரன் ஊத ஆரம்பிச்சிடுச்சு, எல்லாரும் காதைப் பொத்திக்குங்க" என்றார். முப்பது பேர் சிரித்தோம். மெக்கானிக்கும் அசடு வழியச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் எந்த மீட்டிங்கிலும் அவர் வாய் திறக்கவில்லை. எழுத மட்டும் செய்தார்.

மேலாளர் எழுந்தார். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடி சத்தமாகப் படித்துப் பார்த்தார்.

"என் கதவு எப்போதும் திறந்தே இருந்தது. அதன் வழியே உரிமையோடு உள்ளே வந்தவர் அவர்."

குரலைக் கொஞ்சம் தாழ்த்தி இன்னொரு தடவை படித்தார். பிறகு பென்சிலை எடுத்து ஓரத்தில் 'இங்கே நிறுத்து' என்று எழுதினார்.

"இந்த இடத்துல தொண்டை அடைக்கிற மாதிரி ஒரு செகண்டு விட்டா நல்லா இருக்கும்ல?"

"நல்லா இருக்கும் சார்."

அந்தக் கதவுக்கு வெளியே மெக்கானிக் இரண்டு தடவை ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தவள் நான். அந்த வரியை எழுதியவளும் நான்தான்.

மடியில் இருந்த போன் அதிர்ந்தது. மெக்கானிக்கின் மனைவி. மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார். ஸ்பீக்கரில் போடும்படி சைகை காட்டிவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"மேடம், அவரு கண்ணு முழிச்சிட்டாரு! தண்ணி கேட்டாரு, ரெண்டு ஸ்பூன் உள்ள போச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலையேன்னு கேக்குறாரு மேடம். நான் என்ன சொல்லட்டும்?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு சொல்லுங்கம்மா."

பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கையை விரித்தது நேற்று மதியம். அடுத்த அரைமணியில் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "எதுக்கும் தயாரா இருக்கணும், எழுதி வெச்சிடுங்க" என்றிருந்தார். விவரங்களுக்காக, நலம் விசாரிப்பதுபோல் மெக்கானிக்கின் மனைவிக்கு நான் போன் செய்திருந்தேன்.

இப்போது அவர் முகத்தில் அந்தச் சோகம் போக வழி தெரியாமல் அப்படியே நின்றது.

"நல்ல சேதி, நல்ல சேதி," என்றார். தாள்களை மடித்து என்னிடம் நீட்டினார். "ஃபைலை அழிச்சிடாதீங்க. இன்னும் நாலு நாள் போகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நேராகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எவ்வளவு குனிந்தும் வாந்தி வரவில்லை.

மெக்கானிக் பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி எங்கே என்னைப் பார்த்தாலும் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறார். "முதல்ல உங்களுக்குத்தான் மேடம் போன் பண்ணேன். எங்க மேல அவ்வளவு அக்கறை உங்களுக்கு."

மேலாளரைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள்.

சொல்லாதது ஒன்று உண்டு. "கண்ணு முழிச்சிட்டாரு" என்று அந்தம்மா சொன்னபோது, சந்தோஷம் வருவதற்கு ஒரு நொடி முன்னால், எனக்குத் தோன்றியது.

'அடடா, எழுதினது வீணாப் போச்சே.'