ஏழாம் நம்பர் மட்டை

அந்தக் காலத்து கோல்ஃப் மட்டைகளைத் தேடிப்பிடித்து, துருவைத் தேய்த்து, கைப்பிடிக்குப் புதுத் தோல் சுற்றி ஒரு செட்டாகச் சேர்த்திருந்தார் அவள் கணவர். ஏழாம் நம்பர் மட்டும் கண்ணாமூச்சி காட்டியது. படுத்த படுக்கையான பிறகும் அதே நினைப்புதான்.

"பழைய சாமான் கடைக்காரன் என்ன சொன்னான்?"

"இன்னும் கிடைக்கலையாம்ங்க."

"நல்லாத் தேடச் சொன்னியா?"

"சல்லடை போட்டுத் தேடுறானாம். முதல்ல மருந்தைக் குடிங்க."

"குடு, குடு. அது வந்தா தேய்க்கறதுக்குக் கையில தெம்பு வேணுமே!" மடமடவென்று குடித்தார்.

அவர் கண்ணயர்ந்ததும் சமையலறைப் பரணில் கைவிட்டுத் துழாவினாள். கடைக்காரன் போன மாதமே கொடுத்துவிட்டுப் போன ஏழாம் நம்பர், போர்வைச் சுருட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

'இந்த செட்டு மட்டும் முழுசாகட்டும், நிம்மதியா கண்ணை மூடிடுவேன்' என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால், அன்றைக்கே கொடுத்திருப்பாள்.