அந்த ஒன்று

"அந்தத் தப்பை என் பேர்லயே போட்டுருங்க மிஸ்டர் டூடெக். கெஞ்சிக் கேக்கறேன்."

எமில் ஸெல்கோ தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தின் பேஸ்பால் பயிற்சியாளர்; சர்ச்சில் முன்வரிசைக்காரர். அப்பேர்ப்பட்டவர் கெஞ்சுவதைக் கண்டதும் காபிக் கடைப் பணிப்பெண் வெர்னா, காலியாகாத கோப்பைகளில்கூடக் காபி ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். கை எங்கே போனாலும் காது மூலை மேஜையில்தான்.

அங்கே 'ஆப்பிள் பை' பலகாரத்தைத் தின்னாமல் கிளறிக்கொண்டிருந்தவர் க்ளாரன்ஸ் டூடெக், ஊர்ப் பத்திரிகையின் விளையாட்டு நிருபர். சுரங்க ஊருக்கென்று ஒரு தொழில்முறை அணி இருந்த காலத்தில் ஆட்டக் கணக்கு எழுதியதும் அவரே.

"ஹாட்ச் எப்படி இருக்கான்?"

"டாக்டர் கையை விரிச்சுட்டார். நுரையீரல் பூரா நிலக்கரித் தூசியாம். ஞாயித்துக்கிழமை தாண்டினாலே பெரிசு."

ஏழு வருஷம் முன்பு ஒரு மாலை, ஆர்வில் ஹாட்ச் வீசிய பந்தை எதிரணியில் யாராலும் உருப்படியாகத் தொட முடியவில்லை. ஒரே ஒரு பந்து, அதே அணியில் ஆடிய எமிலிடம் உருண்டு வந்து, கையுறையில் பட்டு நழுவியது. பிடித்திருக்க வேண்டிய பந்து என்றால் எமில் பெயரில் 'பிழை'. பிடிக்கவே முடியாத பந்து என்றால் அடித்தவனுக்கு 'ஹிட்'. அதைத் தீர்மானிப்பவர் டூடெக்.

மைதானத்துப் பலகையில் ரன் மட்டும்தான் போடுவார்கள். ஊரே மறுநாள் பத்திரிகைக்காகக் காத்திருந்தது. கட்டம் போட்டு வந்தது: எதிரணிக்கு ஹிட், ஒன்று. நம் அணிக்குப் பிழை, பூஜ்யம். ஒரு ஹிட்கூட விடாதவன் என்ற பெயர் ஹாட்சுக்குக் கிடைக்கவில்லை. பெரிய அணிகளும் அவனைத் தேடி வரவில்லை. மறு வருஷமே சுரங்கத்தில் இறங்கினான்.

"அவங்க கட்டத்துல இருக்கற ஒண்ணை எடுத்து நம்ம கட்டத்துல வைக்கணும், அவ்வளவுதானே?" என்றார் எமில்.

"லீகே கலைஞ்சுபோச்சு. ஊரெல்லாம் டி.வி. வாங்கி வீட்டுல உக்காந்தாச்சு. நான் யாருக்கு எழுத?"

"உங்க பேப்பர்ல நாலு வரி போடுங்க. ஹாட்ச் கண்ணால பாத்துட்டுப் போகட்டும்."

வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன மனுஷன்யா நீங்க? தன் பேர் கெட்டாலும் பரவாயில்லைன்னு ஒருத்தர் வந்து நிக்கறார். எழுதினா கை தேஞ்சிடுமா?"

"நல்லாக் கேளு வெர்னா" என்றார் முன்பக்க மேஜைக்காரர். அவரும் வெகுநேரமாகப் பேப்பரில் ஒரே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

டூடெக் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"சரி, போடறேன். நாளைக்கே வரும். ஆனா அன்னிக்கு ஏன் அப்படி எழுதினேன்கறதையும் சேர்த்துப் போடுவேன். என் பேரும் சந்தி சிரிக்கும், சிரிக்கட்டும். உனக்குச் சம்மதமா?"

உருண்டுகொண்டிருந்த தொப்பி நின்றது.

"அது எதுக்கு இப்ப?"

"முதல்ல அந்த ஒண்ணை நான் நம்ம கட்டத்துலதான் போட்டிருந்தேன், எமில். பேப்பர் அச்சுக்குப் போறதுக்குள்ள ஆபீஸ் வாசல்ல வந்து, 'டீம்ல தூக்கிடுவாங்க, ஹிட்டுன்னு மாத்திடுங்க'ன்னு இதே தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு அழுதியே, அதையும் போடலாமா?"

வெர்னா ஊற்றிய காபி, கோப்பையைத் தாண்டி மேஜையில் ஓடியது.

"பாவம் ஹாட்ச்" என்றபடி, எமில் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.