கூட வாசித்தவர்

ஜன்னல் கம்பிகளின் நிழல் இசைத்தட்டின் உறைமேல் கோடு கோடாக விழுந்திருக்கிறது. உறையில் சிரிப்பது யாரோ ஒரு வெள்ளை முகம். உள்ளே பாடியிருப்பவர், போன மாதம் இறந்துபோன கறுப்புப் பாடகர். அவருடைய அக்கா, அவரைப் பற்றி எழுத வந்திருக்கும் ஆய்வாளரின் ரெக்கார்டர் பக்கம் குனிகிறாள். "கறுப்பா இருக்கான்னு ரெக்கார்டு கம்பெனிக்காரங்க அவன் மூஞ்சியையே மறைச்சிட்டாங்கம்மா. அதை நல்லா எழுது. வாசல்ல நிக்கிற இந்த ஆளோட ஒண்ணா வாழ்ந்தான்னு மட்டும் எழுதிடாதே, குடும்ப மானம் போயிடும்." ஆய்வாளர் வாசலைப் பார்க்கிறாள். பாடகரோடு முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த டிரம்ஸ்காரர் அங்கேதான் நிற்கிறார். கதவில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவருடைய விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. "அக்கா சொல்றபடியே செஞ்சிடுங்க," என்கிறார். "கூட வாசிச்சவன்னு போடுங்க, போதும்." அக்காவின் முகம் தெளிகிறது. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவரைப் பார்த்து, "உள்ள வந்து உக்காருங்க தம்பி," என்கிறாள்.