மூன்றாவது குத்து

ரிஸா ஏழாம் படுக்கை நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் ஊசித்தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நானும் நர்ஸ்தான். தட்டு ஏந்துவதில் எனக்கு ஆறு வருட அனுபவம்.

நோய் டெங்கு. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. உடனே ட்ரிப்ஸ் ஏற்றச் சொல்லிவிட்டு டாக்டர் கீழே ஓடிவிட்டார். அங்கே மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பேர் வந்து விழுந்திருந்தார்கள். ரிஸா பிடித்திருந்த கை பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. நரம்பு ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

"உனக்குக் கண்ணு நல்லாத் தெரியிற வயசு, நீயே பாரு" என்று அவளை முன்னால் தள்ளிவிட்டது நான்தான். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்.

இலொய்லோ நகர ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இரண்டு முறைதான் குத்தலாம். கிடைக்காவிட்டால் தலைமை நர்ஸ் மேம் நிதாவைக் கூப்பிட வேண்டும்.

உண்மையில் கூப்பிடக்கூட வேண்டியதில்லை. நோயாளி "ஆ" என்றால் போதும். எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, "நகரு, நகரு" என்று வந்து நிற்பார். மற்றவர்களுக்கு ஆட்டம் காட்டும் நரம்பு அவரைக் கண்டால் தானாக வந்து கையைத் தூக்கும். மற்ற வார்டுகளிலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பாதியில் போட்ட வேலை பாதியிலேயே கிடக்கும். ஒன்றாம் தேதி வர வேண்டிய ட்யூட்டிப் பட்டியல் பத்தாம் தேதிதான் சுவரில் ஏறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் வேலைக்கு வந்து நின்றோம். அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. முப்பது படுக்கையையும் மேம் நிதாவே தனியாகப் பார்த்தார், அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு. ஊசியைக் கீழே வைத்துவிட்டு வார்டை நடத்தும்படி மேலிடத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் அவருடைய மேசையில் பிஸ்கோச்சோ ரொட்டி டின்னுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

இன்றும் மேம் நிதா அங்கேதான் இருந்தார். ஆனால் "நகரு" என்று சொல்லவில்லை. ரிஸாவுக்கு அதுவே பெரிய பயம்.

"மேம், கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்களேன். நீங்க பாத்தா எனக்கு எல்லாமே மறந்துபோகுது."

மேம் நிதா அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு நொடிதான்.

"மணிக்கட்டுக்கு மேல தடவிப் பாரு. அங்க இல்ல, இன்னும் தள்ளி. ஐயோ, ஊசிய ஏன் தொடப்பம் மாதிரி புடிக்கிற?"

முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை.

ஏழாம் படுக்கையின் இன்னொரு கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, என் தட்டை நோக்கி ஊர்ந்தது. நான் தட்டை எட்டாத தூரத்துக்கு நகர்த்திக்கொண்டேன்.

இரண்டாவது குத்தில் தோல் நீலமாக வீங்கியதுதான் மிச்சம். ரிஸா ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. படுக்கையருகே இருந்த கருவி கத்த ஆரம்பித்தது.

பதற்றத்தில் அவள் வாசல் பக்கம் திரும்பி, மூன்று மாதமாகச் சொல்லிப் பழகியதைச் சத்தமாகச் சொன்னாள்.

"ரெண்டு தடவ ஆயிடுச்சு! யாராவது மேம் நிதாவக் கூப்பிடுங்க!"

ஆறாம் படுக்கைக்காரர்தான் முதலில் சிரித்தார்.

ரிஸா மெதுவாகத் திரும்பித் தான் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கைக்குச் சொந்தக்காரரான மேம் நிதாவைப் பார்த்தாள்.

மூன்று நாள் காய்ச்சலை எங்களிடம் மறைத்துக்கொண்டு எல்லோருக்கும் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர், காலையில் பதினோராம் படுக்கைக்கு ஊசி போட்ட கையோடு சரிந்து விழுந்திருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"அவ இன்னைக்கு லீவுடி" என்றார் மேம் நிதா.

பிறகு என்னைப் பார்த்தார். "எர்னி, தட்ட அவகிட்டக் குடுத்துட்டு வா."

எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகம். இந்த ஆறு வருடத்தில் கஷ்டமான நரம்பு ஒன்றைக்கூட நான் குத்தியதில்லை. அவர் குத்த விட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதில் அவருக்கும் பங்கு உண்டு, எனக்கும் பங்கு உண்டு.

தட்டை ரிஸாவிடம் கொடுத்துவிட்டு மேம் நிதாவின் இன்னொரு கையை எடுத்தேன். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு முழங்கையிலிருந்து தடவிக்கொண்டே வந்தேன்.

மேம் நிதா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தன் வார்டில் ஒருவர் ஊசி போடும்போது அவர் பார்க்காமல் இருந்ததை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

குத்தினேன்.

ஊசியின் பின்பக்கம் சிவப்பாக ரத்தம் எட்டிப் பார்த்தது.

ட்ரிப்ஸ் சொட்டத் தொடங்கியது. ரிஸா தட்டைப் பிடித்தபடியே வாய்விட்டு அழுதாள். நான் டேப்பைக் கிழித்து ஒட்டினேன்.

"டேப்பக் கோணலா ஒட்டியிருப்ப" என்றார் மேம் நிதா, சுவரைப் பார்த்தபடியே.

கோணலாகத்தான் ஒட்டியிருந்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.