பீட்டிலில் ஒரு பஸ் கம்பி

"ஏன்னா, உங்களுக்கு மூளை கீளை கழண்டுடுத்தா?"

ருக்மிணி கேட்டதில் தப்பே இல்லை. அறுபத்திரண்டாம் வருஷத்து ஜெர்மன் பீட்டில் கார். அதில் ஸ்டியரிங் இல்லாத பக்கத்துக் கதவை ஒட்டி, டவுன் பஸ்ஸில் பிடித்துக்கொண்டு தொங்குவோமே, அந்த மாதிரி தடியாக ஒரு ஸ்டீல் கைப்பிடியைத் திருகி வைத்திருந்தார் அனந்தராமன்.

ரிடையர் ஆனதிலிருந்து, ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு போர்ட்டிகோவில் அவருக்கு அந்தக் கார்தான் உலகம். துருப்பிடித்த கூடாக வந்ததைக் கழற்றி, தேய்த்து, பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டியிருந்தார். எல்லாம் அசல் சாமான். சாஃப்ட்வேர் கம்பெனிப் பிள்ளை சந்தீப் ஆன்சைட் என்று ஜெர்மனி போய்த் திரும்பியபோது, ஊரார் பிள்ளைகள் பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவந்தார்கள். இவன் கதவு ரப்பரும் ஹார்ன் பட்டனும் கொண்டுவந்தான்.

அப்பேர்ப்பட்ட வண்டியில், சனத்நகர் பட்டறையில் சொல்லிச் செய்த பஸ் கம்பி!

அதுவும் எப்போது? மறுநாள் செகந்திராபாத்தில் பழைய கார் போட்டி. அசல் மாறாத கார்களுக்கு என்று தனியாக ஒரு கோப்பை. அது அனந்தராமனுக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ருக்மிணி ஷோகேஸில் பொம்மைகளை நகர்த்தி இடம்கூடப் பண்ணிவிட்டாள்.

"அப்பா, கைக்கு? எதுக்கு இதெல்லாம்? ஒரிஜினல் இல்லைன்னா கப் கிடையாது. ரூல்!" என்றான் சந்தீப்.

"தெரியும்டா."

"தெரிஞ்சா கழட்டிடேன். ரெண்டு ஸ்க்ரூதானே?"

"நக்கோ, வேண்டாம்," என்றார் அப்பா, பிள்ளையின் உள்ளூர் உருதுவிலேயே.

"எனக்காக வெச்சேன்னு மட்டும் சொல்லாதேங்கோ," என்றாள் ருக்மிணி. "எனக்கு என்னிக்கும் பின்சீட்டுதான்."

"சொல்லலை."

"ஜட்ஜ் யாரு, உங்க பத்ரிதானே? சிநேகிதர் கண்டுக்காம விட்டுடுவார்னு நெனைப்பா?"

"பத்ரியா? விடவே மாட்டான்!" அனந்தராமன் சந்தோஷமாகச் சிரித்தார்.

பத்ரிநாராயணன் அவரோடு ஒரே கம்பெனியில் குவாலிட்டி கண்ட்ரோலில் இருந்தவர். குஷாய்குடாவில் வீடு. ஞாயிற்றுக்கிழமை ட்ரயல் என்றால் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, போகவர குறை சொல்லிக்கொண்டே வருவார். சமீப காலமாக அவரைக் காணோம். கூப்பிட்டால் ஒரு தடவை பல்வலி, ஒரு தடவை மாப்பிள்ளை வருகிறார்.

ருக்மிணி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மனுஷனுக்குக் கடைசி நிமிஷத்திலாவது புத்தி வராதா என்ற நப்பாசைதான்.

வரவில்லை.

மறுநாள் போட்டி மைதானத்தில் பத்ரிநாராயணன் மெதுவாக நடந்து வந்தார். முழங்கால் ஆபரேஷன் ஆன கால், இன்னும் சரியாக மடங்கவில்லை. மேடு ஒன்று வந்ததும் சந்தீப் ஓடிப்போய்க் கையை நீட்டினான்.

"நான் என்ன கிழவனாடா? கையை எடு!"

எஞ்சினைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. கதவைத் திறந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"இது என்னடா அனந்து?"

"கைப்பிடி."

"அது தெரியறது. எந்த ஜெர்மன்காரன் வெச்சான் இதை?"

"நான்தான் வெச்சேன்."

"கர்மம்! பட்டுப்புடவைக்கு சாக்குத்துணியில ஒட்டுப்போட்ட மாதிரி! மார்க் போயிடும்டா. சிநேகம் வேற, இது வேற."

"போகட்டும், பத்ரி."

கோப்பை யாரோ ஒருவருடைய பென்ஸுக்குப் போனது. ருக்மிணிக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தோற்ற மனுஷரோ விசிலடித்துக்கொண்டு வந்தார்.

"பத்ரி, வா. ஆத்துல விட்டுடறேன்."

"நீ கிளம்பு. நான் ஆட்டோ பிடிச்சுக்கறேன்." பத்ரிநாராயணன் தாழ்வாக இருந்த முன்சீட்டை ஒரு தடவை பார்த்தார். தன் காலை ஒரு தடவை பார்த்தார்.

"ஏறுடா. ஏதோ சத்தம் வரது. என்னன்னு கேட்டுச் சொல்லு."

கதவைத் திறந்து வைத்துவிட்டு, அனந்தராமன் திரும்பிப் பார்க்காமல் சுற்றிப் போய் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

பத்ரிநாராயணனின் கை கதவோரம் தடவிப் பார்த்தது. ஸ்டீல் கம்பி அகப்பட்டது. இறுக்கிப் பிடித்தார். ஒரு எம்பு. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்!

சந்தீப் வாயைத் திறந்தான். ருக்மிணி அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"பாத்தியா அனந்து?" பத்ரிநாராயணனுக்குக் குரலெல்லாம் குஷி. "ஏறி இறங்க எவ்வளவு வாட்டமா பண்ணியிருக்கான் ஜெர்மன்காரன்! இதுல போய்க் கண்டதையும் மாட்டி வெச்சிருக்கியே!"

"தப்புதான்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை ட்ரயலுக்கு வரியா?"

"வராம? நான் இல்லாம உனக்கு எது சரியா வந்திருக்கு?"

வழியெல்லாம் குறை. கியர் முரடு, பிரேக் மெத்தனம், ஹார்ன் சத்தம் போதாது. அனந்தராமன் சிரித்துச் சிரித்து வண்டி ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ருக்மிணி கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு காரின் கதவைத் திறந்தாள்.

"கப்தான் போயிடுத்தே. இனிமே கழட்டி என்னம்மா?" என்றான் சந்தீப்.

"கழட்டறதாவது! மேல் ஸ்க்ரூ லேசா ஆடறதுடா," என்று அதை முழுப்பலத்தோடு முறுக்கினாள் ருக்மிணி. "ஞாயித்துக்கிழமை பத்ரி பிடிச்சுண்டு ஏறணுமோல்லியோ?"